குடும்பத்துக்கு ஏத்த துப்பாக்கி எது?

தலைப்பைப் பாத்துட்டு பயந்துடாதீங்க மக்களே. நான் அதே பொட்டி தட்டுற அப்பாவிதான் :-)

கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கும் துப்பாக்கிக்கும் இருந்த உறவு ரெண்டே ரெண்டு. ஒண்ணு, தீவுத்திடல் பொருட்காட்சியில பலூன் சுட்டது. இன்னொண்ணு, இன்ஜினியரிங் படிக்கும்போது என்.சி.சி. கேம்ப்ல குப்புறப் படுத்துக்கிட்டு .22 ரைபிள்ல அஞ்சு குண்டு சுட்டது. ஆனா தங்கமணி டெக்சாஸ்ல பிறந்து வளர்ந்தவங்க. அவங்க அப்பா டாலஸ் பக்கம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம மாமனாருங்க சனிக்கிழமை காலையில நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாங்கன்னா, இவர் மாசத்துல ஒரு சனிக்கிழமை மச்சானையும், தங்கமணியோட அக்கா பையனையும் (வயசு 11) கூட்டிக்கிட்டு துப்பாக்கி சுடப் போவார். இப்போ மாப்பிள்ளையும் அந்த லிஸ்ட்ல.

சரி, மேட்டருக்கு வருவோம். குடும்பத்தோட போய் காகிதத் தட்டைச் சுடுறதுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது? மாமாவோட பதில்: .22 ரிம்ஃபயர் ரிவால்வர். அதுலயும் விலை கம்மியான, மெதுவான ரிவால்வர்.

ரிம்ஃபயர்னா என்ன? பெரிய தோட்டாக்கள்ல அடிப்பாகத்து நடுவுல ஒரு சின்ன பொட்டு மாதிரி ப்ரைமர் இருக்கும். ரிம்ஃபயர்ல அது கிடையாது. தீப்பிடிக்கிற மருந்து அடிப்பக்க விளிம்புக்குள்ளயே இருக்கும். துப்பாக்கியோட ஊசி விளிம்பை நசுக்கினா தீப்பொறி வரும். ஐடியா பழசு. ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி 1857லேயே இந்த மாதிரி ரிவால்வர் வித்தது. இன்னிக்கு எல்லாரும் சுடுற .22 லாங் ரைபிள் தோட்டா 1887ல வந்தது. விளிம்பு நசுங்கணும்னா உறை மெல்லிசா இருக்கணும், அதனால ரொம்ப பலமான மருந்தை அடைக்க முடியாது. உதை கம்மி, விலையும் கம்மி. ஒரு தோட்டா பத்து சென்ட் பக்கம்தான். 9 எம்.எம். தோட்டாவுக்கு அதைவிட ரெண்டு மூணு மடங்கு ஆகும்.

கடையில பெரும்பாலும் கண்ணுல படுறது ரெண்டு. ஒண்ணு ஹெரிடேஜ் கம்பெனியோட ரஃப் ரைடர். இருநூறு டாலருக்குள்ளயே கிடைக்கும். இன்னொண்ணு 2019ல வந்த ரூகர் ராங்லர். வந்தப்போ கம்பெனி போட்ட விலை 249 டாலர். ரெண்டுமே ஆறு குண்டு, பாக்குறதுக்கு ஜெய்சங்கர் கௌபாய் படத்துல வர்ற மாதிரியே இருக்கும். ராங்லர்ல 'ட்ரான்ஸ்ஃபர் பார்'னு ஒரு சின்ன தகடு உண்டு. விசையை அழுத்தினாத்தான் அது மேல வந்து சுத்தியலோட அடியை ஊசிக்குக் கடத்தும். கீழ விழுந்தாலோ சுத்தியல்ல இடிச்சாலோ வெடிக்காது. ரஃப் ரைடர்ல அது இல்ல, இடது பக்கம் ஒரு லீவர் வச்சிருக்காங்க. லீவர் போடுறதை மனுஷன்தான் ஞாபகம் வச்சுக்கணும். மாமா கையில இருக்குறது ராங்லர். "அம்பது டாலர் ஜாஸ்தி மாப்ளே. ஆனா குழந்தைங்க கையில குடுக்குற சாமான், தானா பாதுகாப்பா இருக்கணும்ல?" என்றார்.

எனக்குப் புரியாத விஷயம் வேற. ரெண்டுமே சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கட்டைவிரலால பின்னாடி இழுத்தாத்தான் சுடும். குண்டு போடணும்னா பக்கத்துல ஒரு சின்னக் கதவைத் திறந்து, உருளையைத் திருப்பித் திருப்பி ஒண்ணொண்ணா போடணும். காலி உறையையும் ஒரு கம்பியால ஒண்ணொண்ணா தள்ளணும். ஆறு குண்டு சுடுறதுக்குள்ள ஒரு காபி குடிச்சுடலாம்! "எதுக்கு மாமா இந்த அவஸ்தை? ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வாங்கியிருக்கலாமே?"ன்னு கேட்டேன்.

மாமா பதில் சொல்லலை. பையனைக் கூப்பிட்டு ஒரே ஒரு குண்டை மட்டும் போட்டுக் குடுத்தார். அவன் சுட்டான். தட்டு நடுவுல ஓட்டை. சந்தோஷத்துல "தாத்தா, பாத்தீங்களா!"ன்னு உடம்பு பாதி திரும்பிடுச்சு. துப்பாக்கியும் கூடவே கொஞ்சம் திரும்புச்சு. மாமாவோட கை அவன் மணிக்கட்டைப் பிடிச்சு மெதுவா முன்பக்கம் திருப்புச்சு. திட்டலை. "முதல்ல கீழ வை கண்ணா, அப்புறம் தாத்தாவைப் பாரு" அவ்வளவுதான்.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. அந்தத் துப்பாக்கியில அடுத்த குண்டு இல்ல. இருந்திருந்தாலும் சுத்தியலை இழுக்காம சுடாது. அதே இடத்துல தானா அடுத்த குண்டை ஏத்திக்கிற பிஸ்டல் இருந்திருந்தா, விரல் விசையில, குண்டு உள்ள, முகம் எங்க பக்கம். நான் அவஸ்தைன்னு சொன்ன மெதுவுதான் மாமா காசு குடுத்து வாங்கின பொருளே. ஒவ்வொரு குண்டுக்கும் தனியா ஒரு தடவை யோசிக்க வைக்குது.

வேற சில விஷயங்கள், கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:

1. .22 தானேன்னு இளப்பம் வேண்டாம். குண்டு ஒன்றரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு தோட்டா டப்பாவுலயே போட்டிருக்கும். பின்னாடி மண்மேடு இல்லாத இடத்துல சுடவே கூடாது.

2. சத்தம் 140 டெசிபலைத் தொடும். எல்லாருக்கும் காதுக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

3. விசையை அழுத்தியும் வெடிக்கலைன்னா, முன்பக்கமே நீட்டிக்கிட்டு அரை நிமிஷம் காத்திருக்கணும். வழக்கத்தைவிட மெல்லிசா 'புஸ்'னு சத்தம் வந்தா குண்டு குழாய்க்குள்ள மாட்டியிருக்கலாம். அடுத்ததைச் சுடக்கூடாது.

4. குண்டு ஈயம். கை கழுவாம முறுக்குல கை வைக்கக்கூடாது. (மாமி கட்டிக் குடுத்தது காருக்குள்ளயே இருக்கும்.)

5. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்குறவங்க கைத்துப்பாக்கியைத் தொட அமெரிக்கச் சட்டப்படி அப்பா அம்மாவோட எழுத்துப்பூர்வமான சம்மதம் வேணும். அண்ணி கையெழுத்துப் போட்ட சீட்டு பையன் பாக்கெட்லயே இருக்கும். எச்1பி மாதிரி விசாவுல இருக்குறவங்களுக்கு, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு தவிர, துப்பாக்கி வச்சுக்கவே அனுமதி இல்ல. எனக்கு க்ரீன் கார்டு, அதனால தப்பிச்சேன்.

போன மாசம் மாமா, "மாப்ளே, உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தர்றேன், வீட்ல வச்சுக்குங்க" என்றார். எனக்கு ஆசைதான். தங்கமணி மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க: "பூட்டி வைக்கிற பெட்டிக்கு எங்க இடம்? பாப்பா இப்பவே அலமாரி ஏற ஆரம்பிச்சுட்டா."

அபார்ட்மென்ட்டை ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். நானும் யோசிச்சேன். இந்த நாட்டுல துப்பாக்கியால சாகுறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. வெளியிலிருந்து வர்ற திருடனைவிட, வீட்டுக்குள்ள இருக்குற யாரோ ஒருத்தரோட ஒரு மோசமான ராத்திரிதான் பெரிய ஆபத்து. சுடும்போது மெதுவா இருக்குற துப்பாக்கி, அந்த ராத்திரியில மெதுவா இருக்காது. அந்த நேரத்துல மெதுவாக்குறது பூட்டு மட்டும்தான்.

மாமாகிட்ட சொன்னேன்: "வாங்குங்க மாமா, ஆனா உங்க பெட்டியிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை வந்து சுட்டுக்குறேன்." கோவிச்சுக்குவாரோன்னு நினைச்சேன். "சாவி என்கிட்டதான், ஆனா தோட்டா செலவு உங்களது"ன்னு முடிச்சுட்டார்!

டிஸ்கி: பத்து சென்ட் தோட்டாதானேன்னு ஒத்துக்கிட்டேன். மச்சானும் பையனும் சேந்தா ஒரு காலையில முந்நூறு தோட்டா காலி :-(