கூரை மேல் வெயிலும் குடும்பக் கணக்கும்

 

புசல்லாவையில் இருந்துகொண்டு வெயிலைப் பற்றி எழுதினால் சிலர் சிரிக்கக்கூடும். பகல் பன்னிரண்டு மணி கழிந்தால் மூடுபனி இறங்கி, எதிரே இருக்கும் தேயிலை மலை மறைந்துபோகும் ஊர் இது. மே மாதம் விரித்த குடையைச் செப்டம்பரில்தான் மடக்குவோம். ஆனாலும் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் 2018 ஆம் ஆண்டிலிருந்து சோலார் பெனல்கள் இருக்கின்றன.

சில வாரங்களுக்கு முன் பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவர் என் மனைவியிடம் வந்திருந்தார். என்னைக் கண்டதும், "மௌலவி, கரண்ட் பில் கட்டி முடியல்ல. நாங்களும் சோலார் போட்டா நல்லமா? கவர்மெண்ட் உதவி கிடைக்குமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும். எனவே எங்கள் வீட்டில் நடந்ததை, இலாபத்தையும் நட்டத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2016 செப்டம்பரில் அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் மூன்று முறைகள் இருந்தன. நாங்கள் சேர்ந்தது ‘நெட் எக்கவுண்டிங்’ முறை. பகலில் கூரையில் உண்டாகும் மின்சாரத்தில் வீட்டுக்குப் போக மிஞ்சியது வெளிக் கம்பிக்குப் போகும். இரவில் நாம் அங்கிருந்து எடுப்போம். மாத முடிவில் கொடுத்ததையும் எடுத்ததையும் மீற்றர் பார்த்துக் கழிப்பார்கள். கொடுத்தது கூடுதலாக இருந்தால் அந்த யுனிட்டுகளுக்குக் காசு தருவார்கள். முதல் 7 வருடங்களுக்கு யுனிட்டுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடங்களுக்கு 15 ரூபா 50 சதம். மொத்தம் 20 வருட ஒப்பந்தம்.

பெனல் வாங்கவும் அரசாங்கம் உதவியது. ஆனால் அது ரொக்கமாகக் கைக்கு வரவில்லை. ‘ரிவி பல சவி’ என்ற பெயரில் வங்கிகள் மூன்றரை இலட்சம் ரூபா வரை கடன் கொடுத்தன. அந்தக் கடனின் வட்டியில் பாதியை அரசாங்கம் கட்டும். நான் விண்ணப்பப் படிவத்தையும் எடுத்து வந்துவிட்டேன். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவி படிவத்தை நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்டாள்:

"பாதி வட்டிய கவர்மெண்ட் கட்டினா, மீதிப் பாதிக்கு என்ன பேருங்க?"

மாணவர்களுக்கு வட்டியின் சட்டங்களைப் படித்துக் கொடுக்கும் நான் வாயடைத்துப் போனேன். படிவம் மேசை லாச்சியிலேயே கிடந்து பழுத்தது. அவளுடைய உம்மா போட்ட வளையல் இரண்டு, நான்கு பவுன், விற்கப்பட்டன. குறைந்த பணத்தை அவளுடைய நானா கர்ழ் ஹஸனாகத் தந்தார். சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டி அந்தக் கடனைத் தீர்த்தோம். 2 கிலோவோட் பெனல்கள் கூரையேறின.

எங்கள் ஊர் வெயிலுக்கு நல்ல மாதத்தில் 200 யுனிட்டுகள் வரை வரும். அடைமழை மாதத்தில் 150 ஐ எட்டவும் கஷ்டம். வீட்டுச் செலவு 110 யுனிட்டுகள் அளவில். மிஞ்சும் 60 யுனிட்டுகளுக்கு 22 ரூபாப்படி 1,320 ரூபா கிடைத்தது. அரசாங்கம் நமக்குப் பில் அனுப்பாமல் காசு அனுப்புகிறதே என்று எனக்குப் பெருமைதான்.

அந்தப் பெருமை 2022 இல் உடைந்தது. அவ்வாண்டு மார்ச் மாதக் கடைசியில் நாடெங்கும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. ‘நமக்கென்ன, கூரையில் இருக்கிறதே’ என்று நினைத்தேன். ஆனால் நடுப்பகலில், நல்ல வெயிலில், எங்கள் வீடும் அணைந்தது! வெளிக் கம்பியில் மின்சாரம் நின்றால் இன்வர்டரும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. பெட்டரியும் அதற்குரிய இன்வர்டரும் உள்ள வீட்டில்தான் அந்த நேரத்தில் விளக்கெரியும். இதை வாங்கும்போதே நான் கேட்டு அறிந்திருக்க வேண்டும். "இருபது வருஷக் கணக்குப் பார்த்தீங்க, இத மட்டும் கேக்கலயே" என்று சொல்லிக்கொண்டே மனைவி குப்பி விளக்கைத் துடைத்தாள்.

அதன் பின் வந்ததுதான் பெரிய பாடம். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம் ஏறியது. 2018 இல் 1,800 ரூபா அளவில் பில் வந்த பக்கத்து வீட்டுக்கு, ஏறக்குறைய அதே யுனிட்டுகளுக்கு 6,000 ரூபாவைத் தாண்டி வந்தது. எங்களுக்கு அந்தச் சுமை வரவில்லை. அதே காலத்தில் ரூபாவின் மதிப்பு சரிந்ததால், எங்களுக்கு வந்த 1,320 ரூபாவுக்குக் கடையில் முன்போலச் சாமான் வாங்க முடியவில்லை. 2025 இல் ஏழு வருடம் முடிந்து, அந்த 60 யுனிட்டுகளின் பெறுமதி 930 ரூபாவாகக் குறைந்தது.

சகோதரிகளே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. அரசாங்கம் தரும் விலை தேயும். கூரையில் விளையும் யுனிட் அவ்வளவு சீக்கிரம் தேயாது. விற்று வரும் காசு சிறிது. கட்டாமல் தப்பிய பில்தான் பெரிது. புதிதாகச் சேர்வோருக்குரிய விலையையும் பாருங்கள். 2022 இல் யுனிட்டுக்கு 37 ரூபா. 2024 இல் 27 ரூபா. 2025 இல் 5 கிலோவோட்டுக்குட்பட்ட வீடுகளுக்கு 20 ரூபா 90 சதம். அது மட்டுமா? 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், நாட்டின் மின் தேவை குறைந்ததால், கூரை சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படியும் கேட்டார்கள். எனவே விற்று உழைக்கலாம் என்று கடன்பட்டுப் பெரிதாகப் போடாதீர்கள். வீட்டுத் தேவைக்கு அளந்து போடுங்கள்.

அயல்நாடான இந்தியாவில் 2024 இல் தொடங்கிய திட்டத்தில், 3 கிலோவோட் போடும் வீட்டுக்கு 78,000 இந்திய ரூபா வரை மானியமாகவே கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் அந்நாட்டு நன்கொடையில் பள்ளிவாசல்கள் உட்பட 5,000 மதத் தலங்களுக்கு சோலார் கொடுக்கும் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பிக்கப்பட்டது. வட்டி கலக்காத இப்படியான உதவி நம் வீடுகளுக்கும் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இனி, நான் சொல்லத் தயங்கிய கணக்கு. தங்கத்தின் விலை 2018 இல் இருந்ததைவிட இன்று நான்கு மடங்குக்கும் மேல். அந்த நான்கு பவுன் கையிலிருந்தால், பெனல் இதுவரை மிச்சப்படுத்தியதைவிட அதன் பெறுமதி மிகக் கூடுதலாக இருந்திருக்கும். இதை நான் ஒரு நாள் மனைவியிடம் சொன்னேன். "இருந்தா 2022 இலேயே வித்துச் சாப்பிட்டிருப்போம்" என்றாள். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவியின் நகை மனைவிக்கே சொந்தம் என்று மிம்பரில் சொல்கிறவன், அந்த வளையல் அன்பளிப்பா கடனா என்று ஒரு வார்த்தை கேட்காமல் விற்றிருக்கிறேனே!

ஏழு வருடம் கழித்துக் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "கடன் என்டே எழுதுங்க" என்றாள். நான்கு பவுன் என்று நிறையாகவே எழுதிக் கையொப்பமிட்டேன். பில்லில் மிஞ்சும் பணத்தை அதற்கென்று ஒதுக்கத் தொடங்கியிருக்கிறேன். தீர வருடங்கள் ஆகும்.

ஆகவே அந்தச் சகோதரிக்கும் உங்களுக்கும் நான் சொல்வது இவைதான். முதலில் ஒரு வருட பில்களை எடுத்து உங்கள் யுனிட்டுகளைக் கூட்டுங்கள். கூரையில் மர நிழல் விழுகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். பெனல் 25 வருடம் உழைக்கும். இன்வர்டரைப் பத்து வருடமளவில் மாற்ற வேண்டி வரும், அதற்கும் மாதம் சிறிது சேருங்கள். இன்றைய விலை என்ன, எத்தனை வருடத்துக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் நகை போவதாக இருந்தால், அது அன்பளிப்பா கடனா என்று அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளிலும் நம் கணக்குகளிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.