பழுது எந்தப் படியில்?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. அங்கே தயாராகும் சாமான்களை அளவு பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிப்பவர், ஆவடியில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். 2024 டிசம்பரில் ஒரு மாலை அவர் வீட்டில் ஒரே ரகளை. ஒன்பதாவது படிக்கும் பையன், அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் பதினொரு மார்க் வாங்கியிருந்தான்.

"எனக்குக் கணக்கு வராதுப்பா. என்னையும் பட்டறையிலேயே சேர்த்துவிடு" என்று விம்மினான்.

எனக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் இரண்டு வருஷம் கணக்கோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போய், கதை எழுத வந்தவன் அல்லவா நான்?

நண்பர் கோபிக்கவில்லை. "பட்டறையில் ஒரு தண்டு அளவு தப்பினால் தண்டையா திட்டுகிறோம், ஸார்? எந்த மிஷினில் தப்பியது என்று பின்னாலேயே போவோம்" என்றார்.

அப்படியே போனார். இயற்கணிதத்திலிருந்து விகிதத்துக்கு, விகிதத்திலிருந்து பின்னத்துக்கு. "அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?" பையன் மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினான். அரையோடு ஒன்றைச் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகுமா?

அங்கேதான் பழுது. பின்னம் படிந்திருக்க வேண்டிய ஐந்தாம் வகுப்பு அவனுக்கு 2020-ல் வந்தது. கொரோனாவால் மார்ச்சில் மூடிய பள்ளி, அவன் போன்ற சிறுவர்களுக்குத் திறந்தது 2021 நவம்பர் முதல் தேதிதான்.

ஒரு பெரிய வேலையைப் படிகளாகப் பிரித்து, படிக்குப் படி சோதித்து, பழுதைப் பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவதைச் 'சிஸ்டம்ஸ் எஞ்சினீயரிங்' என்கிறார்கள். எங்கள் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில், டாங்கி முழுவதும் பூட்டி முடித்த பிறகுதான் எஞ்சினைச் சோதிப்பேன் என்று யாராவது சொல்வார்களா? பள்ளிக்கூடத்தில் மட்டும் வருஷக் கடைசிப் பரீட்சையை நம்பியிருக்கிறோம்.

மாற்றிப் பார்த்ததும் உண்டு. ரிஷிவேலி முறையைத் தழுவி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பாடங்களை அட்டைகளாக்கி ஏணிபோல் அடுக்கினார்கள். ஒரு படி தேறினால்தான் அடுத்த படி, அவசரம் கிடையாது. 2022-ல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தை நிற்கும் நிலையிலிருந்தே பாடம். ஆனால் முதலில் அது மூன்றாம் வகுப்புவரைதான். இந்தப் பையன் அப்போது ஏழாவதுக்குப் போய்விட்டான்!

"பட்டறையில் தேறாததைக் கழிவில் எறியலாம், ஸார். பிள்ளையை எறிய முடியுமா?" என்றார் நண்பர். அன்று முதல் தினம் அரை மணி, பின்னம்.

ஒரு வாரம் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஆறில் அஞ்சுப்பா!" என்று ஒரு கூச்சல் கேட்டது.

நானும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சரிதான்.