நிறுத்திவைக்கப்பட்ட பணமும் நிறைவேறாத வாக்கும்



கொடுக்கல் வாங்கல் குறித்த பாடத்தை வார இறுதி மதரஸாவில் நாம் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். கடன், அடைமானம், அமானிதம் ஆகியவற்றின் இலக்கணங்களை மாணவர்கள் மனனம் செய்து ஒப்பிக்கின்றனர். அதே பாடத்தில் நாமே இன்னும் தேறவில்லை என்பதைச் சென்ற பள்ளி விடுமுறையில் மேற்கொண்ட ஒரு கப்பல் பயணம் உணர்த்தியது. நமக்கு நேர்ந்த சங்கடம் பிறருக்கு நேராதிருக்கட்டும் என்ற எண்ணத்தில் அதனை இங்குப் பதிவு செய்கிறோம்.

வயது முதிர்ந்த நம் தாயாருக்குக் கடலில் பயணம் செய்ய வேண்டுமென்பது நீண்டநாள் ஆசை. மைத்துனர் தம் செலவில் மூவருக்கும் பயணச்சீட்டு எடுத்துத் தந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் மரினா பே துறைமுகத்தில் கப்பலேறினோம். பினாங்கு, புக்கெட் சென்று நான்கு இரவுகளில் திரும்பும் பயணம். பினாங்கில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தாயாரை அழைத்துச் சென்று தொழவைத்த அந்த ஒரு மணி நேரத்திற்காகவே இப்பயணம் அமைந்தது போலிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

கப்பலில் ரொக்கத்திற்கு வேலையில்லை. ஏறும்போதே ஒரு வங்கி அட்டையைப் பதிவு செய்துகொள்கிறார்கள். அதன்பின் வாங்குவதெல்லாம் கப்பல் கணக்கில் ஏறுகிறது. வட்டியின் சாயலும் நம்மீது படக்கூடாது என்று கருதி நாம் கடன் அட்டை வைத்துக்கொள்வதில்லை. ஆகவே டெபிட் அட்டையை நீட்டினோம். முகப்பில் இருந்தவர் ஏதோ ஒரு தொகையைச் சொல்லிக் கையொப்பம் கேட்டார். வரிசை நீளமாக இருந்தது. தாயார் நின்றுகொண்டிருந்தார். படித்துப் பாராமல் கையொப்பமிட்டோம்.

வியாழன் காலை கரை இறங்கியபோது இறுதி ரசீது கிடைத்தது. மொத்தம் 412 வெள்ளி. மூவருக்கும் நாளொன்றுக்கு 72 வெள்ளி வீதம் பணியாளர் சேவைக் கட்டணம் 288. இணையமும் இதர செலவுகளும் 124. கணக்கு சரியாகவே இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மீது ஒரு கடன் இருந்தது. தகப்பனாரின் இறுதிக்கால மருத்துவச் செலவுக்காக, நம் பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பாய் 1,500 வெள்ளி கொடுத்து உதவியிருந்தார். கடையநல்லூர்க்காரர், இங்கே ஒரு பண்டகசாலையில் உழைத்து ஊரிலுள்ள குடும்பத்தைக் காப்பவர். மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டுமென்று அவர் சொல்லியிருந்ததால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முழுத் தொகையையும் தந்துவிடுவதாக வாக்களித்திருந்தோம். வங்கியில் 2,500 வெள்ளி இருந்தது. கப்பல் செலவு 412 போக 2,088 மிஞ்சும்; கடனை அடைத்த பின்னும் மாதக் கடைசி வரை தாக்குப் பிடிக்கலாம். அந்தத் தைரியத்தில்தான் கப்பலேறினோம்.

வெள்ளி காலை கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறந்தபோது கண்கள் நிலைகுத்தின. இருப்பு 2,088 என்று ஓரிடத்தில் இருந்தது. அதன் கீழே, எடுக்கக்கூடிய தொகை 1,226 என்று இருந்தது. நிலுவை என்ற தலைப்பின்கீழ் கப்பல் நிறுவனத்தின் பெயரில் ஐந்து வரிகள்: 450, 90, 130, 88, 104. கடைசி நான்கையும் கூட்டினால் அதே 412. ஒரே செலவை இரண்டு முறை பிடித்ததோடு, மேற்கொண்டு 450 வெள்ளியையும் எடுத்துக்கொண்டார்கள் என்றே நாம் முடிவு கட்டினோம்.

அடுத்த அரை மணி நேரத்தில் நாம் செய்தவற்றை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில், இந்தக் கப்பலில் யாரும் போகாதீர்கள், பணத்தைத் திருடுகிறார்கள் என்று எழுதினோம். நிறுவனத்தின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். மறுமுனையில் பேசிய இளம்பெண், அது எடுத்த பணமன்று, நிறுத்திவைத்த பணம், சில நாள்களில் தானே விடுபடும் என்று இரண்டு முறை பொறுமையாகச் சொன்னார். நாம் செவிமடுக்கவில்லை. குரலை உயர்த்தினோம். அலுவலகத்தையே திருட்டுக்கூடம் என்றோம். அவர் மௌனமானார். நாம் இணைப்பைத் துண்டித்தோம்.

பிறகு வங்கியை அழைத்தோம். அங்கிருந்த அலுவலர் விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. நாம் அறிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

அட்டையில் பணம் செலுத்துவது ஒரே செயல்போலத் தோன்றினாலும் அதில் இரண்டு படிகள் உள்ளன. முதலாவது அனுமதி. இவ்வளவு தொகை இவரிடம் இருக்கிறதா என்று வணிகர் கேட்க, இருக்கிறது, உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறோம் என்று வங்கி விடையளிக்கிறது. இதைத்தான் 'ஹோல்ட்' என்கிறார்கள். பணம் நம் பெயரிலேயே இருக்கும். ஆனால் நாம் தொட முடியாது. இரண்டாவது தீர்வு. இறுதிக் கணக்கை வணிகர் அனுப்பும்போதுதான் பணம் உண்மையில் கைமாறுகிறது. கப்பலில் ஏறும் நாளில் ஒரு தொகைக்கு அனுமதி வாங்குகிறார்கள். அதன்பின் ஒவ்வொரு நாள் செலவுக்கும் தனித்தனியே வாங்குவதுண்டு. இறுதியில் மொத்தச் செலவும் ஒரே வரியாகப் பதிவாகிறது. அந்த வரி முந்தைய அனுமதிகளோடு இணைக்கப்படாவிட்டால், அவை வணிகர் விடுவிக்கும்வரையோ காலாவதியாகும்வரையோ நிலுவையில் நிற்கும். அதற்குச் சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். வங்கிக்கு வங்கி வேறுபடும். ஹோட்டல்களிலும் வாடகைக் கார் நிறுவனங்களிலும் இதே முறைதான்.

கடன் அட்டையில் இது நேர்ந்தால் கடன் வரம்பு மட்டுமே குறைகிறது. டெபிட் அட்டையிலோ அடுப்பெரிக்க வைத்திருக்கும் பணமே முடங்கிவிடுகிறது. வட்டிக்கு அஞ்சி டெபிட் அட்டையை மட்டுமே பயன்படுத்தும் நம் போன்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

விளக்கம் கேட்ட பின் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தோம். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 283ஆம் வசனம் நினைவுக்கு வந்தது. பயணத்தில் இருக்கும்போது எழுதுபவர் கிடைக்காவிட்டால் அடைமானப் பொருளைக் கைப்பற்றிக்கொள்ளலாம் என்று அது அனுமதிக்கிறது. பயணி இன்று இருப்பார், நாளை போய்விடுவார்; அவரிடம் உத்தரவாதம் கேட்பது தவறன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களின் கவச உடை, முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக மதீனாவின் யூதர் ஒருவரிடம் அடைமானமாக இருந்ததை நாம் எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறோம்! அந்தக் கவசம் நபியவர்களுக்கு உரியதாகவே இருந்தது. ஆனால் அவர்களின் கையில் இல்லை. வங்கியின் நிறுத்திவைப்பும் மார்க்கச் சட்டம் கூறும் அடைமானமும் ஒன்றே என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அதற்கு நாம் தகுதியுடையவரும் அல்லர். ஆயினும், உரிமை ஒருவரிடமும் பிடிமானம் இன்னொருவரிடமும் இருக்கும் நிலை நமக்குப் புதிதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பலவகை எண்ணங்களைத் தவிர்க்குமாறும் அவற்றுள் சில பாவமென்றும் எச்சரிக்கும் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனத்தையும் நாம் அறியாதவரல்லர். அறிந்திருந்தோம், அந்த அரை மணி நேரத்தில் அது நமக்கு உதவவில்லை.

குழுவில் எழுதியதைத் திரும்பப் பெற்று, தவறு நம்முடையது என்று எழுதினோம். அலுவலகத்தை மீண்டும் அழைத்தோம். இம்முறை வேறொருவர் பேசினார். காலையில் பேசிய சகோதரியிடம் நம் மன்னிப்பைச் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொண்டோம். சேர்ந்ததா என்று தெரியாது. அந்தப் பாரம் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.

ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் பாயைச் சந்தித்தோம். 1,200 வெள்ளியைக் கொடுத்து, மீதிக்கு அவகாசம் கேட்டோம். வங்கி, கப்பல், நிலுவை என்று நாம் விளக்க விளக்க அவர் முகம் வாடியது. "பரவாயில்லை உஸ்தாத், மீதிக்கு வேற யாருகிட்டயாவது கேட்டுப் பாக்குறேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். கப்பலில் சுற்றித் திரிந்துவிட்டு வந்து, கடன் கொடுத்தவரிடம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். கடன்பட்டவர் பேச்சில் பொய்யும் வாக்கில் மீறலும் புகுந்துவிடும் என்பதால் நபி (ஸல்) அவர்கள் கடனிலிருந்து பாதுகாவல் தேடினார்கள் என்ற செய்தியின் பொருள் அந்த வாசற்படியில்தான் நமக்கு விளங்கியது.

வீடு திரும்பியதும் நடந்ததை மனைவியிடம் கூறினோம். ஹஜ்ஜுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்துவரும் பணத்திலிருந்து அவர் 300 வெள்ளியை எடுத்து வைத்தார். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்தார். "கடன்னா எழுதிக்கணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்குறீங்களே, எழுதுங்க" என்றார். தேதியிட்டு எழுதிக் கையொப்பமிட்டோம். அன்று மஃரிபுக்கு முன்பே பாயின் கையில் மீதியும் சேர்ந்தது. செவ்வாயன்று நான்கு சிறிய நிலுவைகளும், அடுத்த வியாழனன்று அந்த 450 வெள்ளியும் ஒரு சத்தமுமின்றி விடுபட்டன. ஒரு காசும் குறையவில்லை. மனைவியின் நோட்டுப் புத்தகத்திலும் கணக்கு முடிக்கப்பட்டது.

இத்தகைய பயணம் செல்வோர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். எவ்வளவு தொகை நிறுத்திவைக்கப்படும், எப்போது விடுபடும் என்று அட்டையைக் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பல கப்பல்களில் ரொக்கத்தை முன்பணமாகச் செலுத்தும் வசதி உண்டு, அதையும் விசாரியுங்கள். டெபிட் அட்டையானால், வீட்டுச் செலவுக்குரிய கணக்கின் அட்டையைக் கொடுக்காதீர்கள். இறுதி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நிலுவை நீடித்தால் வங்கியிடம் பேசுங்கள். தேவைப்பட்டால் அனுமதியை விடுவிக்குமாறு கப்பல் நிறுவனத்திடம் கேளுங்கள். உண்மையிலேயே இருமுறை பதிவாகியிருந்தால் முறையீடு செய்ய வழியிருக்கிறது. ஆனால், நிலுவையில் நிற்பதும் பதிவானதும் ஒன்றல்ல என்பதைத் தெரிந்துகொண்ட பின் வாயைத் திறங்கள்.

நம்மைப் பொறுத்தவரை, பிழை கப்பலிலும் இல்லை, வங்கியிலும் இல்லை. தனக்கு வர வேண்டிய 412 வெள்ளிக்காக முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைக்கக் கப்பல்காரருக்குத் தெரிந்திருந்தது. பாய்க்குச் சேர வேண்டிய 1,500 வெள்ளியைக் கப்பலேறும் முன்பே ஒதுக்கி வைக்க நமக்குத் தெரியவில்லை. பணம் நம் கணக்கில் இருந்ததால் அது நம்முடையது என்று எண்ணிவிட்டோம். இப்போதெல்லாம் பிறருக்குரியது எதுவும் கையில் வந்தால், அதை உடனே ஓர் உறையிலிட்டு, உரியவரின் பெயரை மேலே எழுதி, மனைவியின் அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

பிறர் மீது நல்லெண்ணம் கொள்ளும் உள்ளத்தையும், கொடுத்த வாக்கைக் காக்கும் வலிமையையும், கடன் இல்லாத மரணத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.