நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முகப்பு

போன ஆடி மாசம் எங்கள் வீட்டு முகப்பில் ஒரு பித்தளை மணி கட்டினேன். அன்று சாயங்காலமே கழற்றி வைத்துவிட்டேன். கட்டியது ஏன், கழற்றியது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிள்ளை படிப்பு என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும் சகோதரிகள் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது என் சின்ன மகன் ஒன்றாம் வகுப்பு. சின்ன வகுப்புகளைத் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு செல்போனோடு போயிற்று. மற்றப் பிள்ளைகள் தட்டுத் தடுமாறி எழுந்துவிட்டார்கள், இவன் எழவில்லை. 'படம்' என்று எழுதியிருந்தால் 'பாடம்' என்பான், 'மடம்' என்பான், பிறகு என் முகத்தைப் பார்ப்பான். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குத் தள்ளினார்கள். தினம் காலை ஏழரை மணிக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், பெருங்காயப் பற்றுப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராத வலிக்குப் பெருங்காயம் என்ன செய்யும்? இது உறைக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

கண்ணையும் காதையும் டாக்டர்களிடம் காட்டினோம், குறை இல்லை. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர், "புத்தியில ஒரு குறையும் இல்லம்மா. எழுத்து பிடிபடத்தான் இவனுக்குக் கஷ்டம்" என்று சொல்லி, டிஸ்லெக்ஸியா என்று பெயரும் சொன்னார். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் இந்தக் கற்றல் குறைபாடும் சேர்த்தி. முறையாகச் சான்றிதழ் வாங்கினால் அரசுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்று சலுகைகள் உண்டு. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது, "வீட்ல உக்காரவச்சுச் சொல்லிக் கொடுத்தா சரியாப் போயிடும்" என்று முடித்துவிட்டார்கள். சரி, வீட்டிலேயே உட்கார வைப்போம் என்று 2023-ல் நிறுத்திவிட்டோம்.

"எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச நீ வாத்தியாராகப் போறியாக்கும்?" என்று உறவில் கேட்காதவர் இல்லை. நம் ஊரில் இதெல்லாம் வழக்கமா என்றும் கேட்டார்கள். மதராஸ் கவர்னராக இருந்த மன்றோ 1822-ல் ஒரு கல்விக் கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். பட்டணத்தில் மட்டும் 26,963 பிள்ளைகள் வீட்டில் படிப்பதாக, அதாவது பள்ளிக்கூடங்களில் படித்தவர்களைப் போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, கலெக்டர் எழுதி அனுப்பினாராம். இதில் ஏதோ தப்பிருக்கும் என்று மன்றோவே சந்தேகப்பட்டிருக்கிறார், போகட்டும். நம் செட்டிநாட்டில் பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் படித்தவர்கள்தானே பர்மா வரை போனார்கள்?

வாயால் பதில் சொல்லிவிடலாம். தனியாக ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பகல் முழுக்க ஓட்டுவது அப்படியில்லை. அடுப்படிக்கும் அவனுக்கும் நடுவில் நடந்தே எனக்குக் கால் வீங்கிவிட்டது. அவனோ, "அம்மா, எனக்குச் சிநேகிதன் யாரு?" என்று கேட்டான்.

தேடினால் இன்னும் மூன்று வீடுகள் கிடைத்தன. கட்டட வேலைக்காக ஊர் ஊராக மாறும் ஒரு குடும்பம். பட்டணத்து வேலையை விட்டுவிட்டு வந்து, பள்ளிக்கூடமே வேண்டாம் என்று இருக்கும் இளம் தம்பதி. பிறகு, பலகாரம் போட்டு விற்கும் ஓர் ஆச்சி. அவர் கணவர் இல்லை, மகளுக்கு ஆஸ்துமா. மொத்தம் ஏழு பிள்ளைகள். ஒரே இடத்தில் கூடினால் என்ன என்ற யோசனை எனக்குத்தான் முதலில் வந்தது. 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியதே, அப்போது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி எங்கள் முகப்பில்தான் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அதற்குத் தன்னார்வலராகச் சேர ப்ளஸ் டூவாவது படித்திருக்க வேண்டும், எனக்கு இடமில்லை. பாய் விரித்தேன், தண்ணீர் வைத்தேன், பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த உற்சாகத்தில்தான் மணி வாங்கினேன். கூடவே வருகைப் பதிவேடு, கரும்பலகை, 'முதல் பீரியட், இரண்டாம் பீரியட்' என்று கோடு போட்ட அட்டவணை. மறுநாள் எல்லோரும் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஊஞ்சல் கொக்கியில் மணியைக் கட்டி ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். உள்ளே வளவில் விளையாடிக்கொண்டிருந்த என் மகன் வந்து நின்றான். மணியைப் பார்த்தான். "வயிறு வலிக்குது" என்றான்.

இரண்டு வருஷமாக வராத வலி.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. எதிலிருந்து பிள்ளையை மீட்டுக்கொண்டு வந்தேனோ, அதையே காசு கொடுத்து வாங்கி என் முகப்பில் மாட்டியிருக்கிறேன்.

மறுநாள் வந்தவர்களிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். கட்டட வேலைக்காரர் மனைவிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அட்டவணை இல்லாட்டி அரட்டைதான் நடக்கும் ஆச்சி" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்றுவரை எங்களுக்குள் இது தீரவில்லை. ஆனால் வக்கீலாக இருக்கும் தம்பி ஒருவர் சொன்னது எல்லோரையும் பயமுறுத்திவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் இல்லை. ஆனால் அங்கீகாரம் இல்லாமல் பள்ளிக்கூடம் நடத்தினால் லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. "பலகை மாட்டாதீங்க, ஃபீஸ் வாங்காதீங்க, வகுப்புன்னே சொல்லாதீங்க. அம்மாமார் கூடவே உக்காந்திருங்க" என்றார்.

அதன்பிறகுதான் உண்மையான யோசனை ஆரம்பித்தது. ஒரு பழைய நோட்டில், எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதினோம். இளம் தம்பதியிடம் கம்ப்யூட்டரும் இங்கிலீஷும். கட்டட வீட்டில் அளக்கும் டேப்பும் ரசமட்டமும். பலகார ஆச்சியிடம் தராசும் வரவு செலவும். எங்களிடம் இரண்டு சாய்வு மேஜைகள், ஐயா காலத்துச் சிட்டைகள், கூடவே கால், அரைக்கால், மாகாணி என்று ஓயாமல் சொல்லும் அப்பத்தா. புத்தகம்தான் யாரிடமும் போதவில்லை. வாரம் மூன்று நாள், காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. எப்போதும் இரண்டு தாய்மார் இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி, காய்ச்சி ஆறின தண்ணீர், ஆஸ்துமாப் பெண்ணுக்கு ஒரு உபரி இன்ஹேலர் முகப்பிலேயே. கூட்டிப் பெருக்குவது அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு நாள் கூடினோம். பலகார ஆச்சி, "கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம்னா, ரெண்டரைக் கிலோவுக்கு எவ்வளவு?" என்று பொதுவாகக் கேட்டார். பெரிய பிள்ளைகள் பேப்பரைத் தேடினார்கள். என் மகன் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணே முக்காலே அரைக்கால்" என்றான். அப்பத்தா எழுந்து போய்விட்டார். கண்ணைத் துடைக்க என்று பிறகு தெரிந்தது. பன்னிரண்டரை வயது முடிந்ததும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அவனுக்கு இப்போது 12. அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

செலவைப் பிரிக்கும்போது நம் கோயில் வழக்கப்படி, குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்றேன். பலகார ஆச்சி தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப நான் அரைப்புள்ளிதானே?" என்றார். சுருக்கென்றது. "இங்கே அரை கிரையெல்லாம் கிடையாது ஆச்சி. காசில்லாத மாசம் பலகாரமாக் கொடுங்க, ஆனா முழுப்புள்ளி" என்றேன்.

பெரிய மலை பங்காளிகள்தான். முகப்பு பொது. ஆறு புள்ளிகளுக்குச் சொந்தம். ஐந்து பேர் சரி என்றார்கள். சென்னையில் இருக்கும் மூத்த பங்காளி மட்டும் என் வீட்டுக்காரரிடம், "தம்பி, இன்னிக்குப் பள்ளிக்கூடம்பீங்க, நாளைக்குக் காலி பண்ணச் சொன்னா பண்ணுவீகளா?" என்று கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பூட்டிக் கிடக்கும் எத்தனை வீடுகளுக்கு வழக்கு நடக்கிறது! எழுதிக் கொடுத்தோம்: பலகை இல்லை, முட்டை வெள்ளைக்கருப் பூச்சுச் சுவரில் ஓர் ஆணி இல்லை, படைப்பு, கல்யாணம் என்றால் ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். பதில் இல்லை. ஒரு மாசம் போயிற்று.

அந்த டேப்பை வைத்துக்கொண்டு என் மகன் முகப்பு முழுவதையும் அளந்து, தூண் தூணாகப் படம் போட்டான். எழுத்துப் பிழை நாலைந்து இருந்தது, நான் திருத்தவில்லை. அப்படியே போனில் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினோம். அன்று ராத்திரியே மூத்த பங்காளி கூப்பிட்டார். "யாரு போட்டது? கிழக்குத் தூண் ஒரு இஞ்சு தள்ளி நிக்கறது எங்கப்பா காலத்திலேருந்து யாரும் கவனிச்சதில்லையே" என்றார். பிறகு தயங்கி, "அந்த முகப்பு ஓரத்து அறையில அவுக புத்தக அலமாரி இருக்கு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தேடிச் சேர்த்ததெல்லாம் இன்னிக்குச் சென்னையில பெரிய நூலகமா இருக்கு. எங்கப்பா சேர்த்ததைக் கரையான் தின்னுச்சோ என்னவோ. புள்ளைகளைத் திறந்து பாக்கச் சொல்லுங்க" என்றார்.

சாவியைக் கூரியரில் போட்டிருக்கிறாராம். இன்னும் வந்து சேரவில்லை. மகன் தினம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், காலை ஏழரை மணியிலிருந்தே.