ஒரு முனை போதும்

பேனலைத் தொடுவதற்கு முன் அந்த ஃபிட்டர் மல்டிமீட்டரோடு எதிர்ச்சுவருக்கு நடந்தார். கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த பிளக்கில் வைத்தார், 230 வோல்ட். திரும்பி வந்து, ஃபியூஸ் பிடுங்கிய பேனலில் வைத்தார், பூஜ்யம். மறுபடியும் அதே பிளக்குக்குப் போனார். நான் விழிப்பதைப் பார்த்து, "மீட்டரே செத்துக் கெடந்தாலும் சைபர்தானுங்களே காட்டும்" என்றார். புளோயரின் ஐசொலேட்டரில் பூட்டுத் தொங்கியது. சாவி அவர் சட்டைப்பையில்.

திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் நிற்கிறோம். சாயக்கழிவு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதை ஊர் இன்னும் மறக்கவில்லை. இங்கே ஓடும் நீருக்கெல்லாம் கணக்கு உண்டு. அதைச் சொல்வது ஃப்ளோமீட்டர். நான் பார்க்கப் போனதோ ஒரு பொய்க்கணக்கை. பம்பு நின்று, வால்வும் மூடியிருக்கையில், புளோயர் ஓடத் தொடங்கியதும் ஒரு மீட்டர் மட்டும் தண்ணீர் போவதாகச் சாதித்தது.

மீட்டரிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்குப் போகும் சிக்னல் 4 முதல் 20 மில்லியாம்பியர். ஓட்டமே இல்லையென்றால் 4, முழு ஓட்டத்துக்கு 20. பூஜ்யத்தில் தொடங்காததில்தான் சாமர்த்தியம்: ஒயர் அறுந்தால் பூஜ்யம் காட்டும், நீர் நின்றதோ என்ற குழப்பம் வராது. ஆனால் பக்கத்து மோட்டார் கேபிளில் 40 ஆம்பியர் ஓடினால், அது அந்த 4 மில்லியாம்பியரைப்போல் பத்தாயிரம் மடங்கு. மில் சங்கு ஊதும்போது காதோடு ரகசியம் சொல்வது மாதிரி.

அதனால் பவருக்கு ஒரு டிரே, சிக்னலுக்கு வேறொன்று. சந்தித்தே தீரவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடந்துவிட வேண்டும், கூடவே ஓடக்கூடாது. இங்கே புளோயர் டிரைவின் கேபிளோடு சிக்னல் கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருந்தது. "டிரேயை மிச்சம் பண்ணிப்போட்டாங்க" என்றார். பிரித்து வேறு வழியில் இழுக்க மதியமாகிவிட்டது.

அத்தோடு தீரவில்லை. முறுக்கிய சிக்னல் ஜோடியைச் சுற்றி அலுமினியத் தாள், அதை ஒட்டி ஒரு வெற்றுக்கம்பி, இதுதான் ஷீல்டு. பேனல் பக்கம் மட்டும் எர்த்தில் கட்ட வேண்டியதை மீட்டர் பக்கமும் கட்டியிருந்தார்கள். இரண்டு எர்த் இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று நானும் கட்டியிருப்பேன். இரண்டு இடத்து எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை; அந்த வித்தியாசத்தில் ஷீல்டிலேயே கரண்ட் சுற்ற ஆரம்பித்துவிடும்.

"வெட்டிடட்டுமாண்ணா?" என்றான் உதவிக்கு வந்த பையன்.

"வெட்டிட்டு அப்படியே உட்றாத தம்பி. ஸ்லீவ் போடு, பாடியில பட்டா மறுக்கா எர்த்துதான். அந்தப் பச்சை ஒயர் மேல மட்டும் கை வெக்காத. அது உசுருக்கு, இது கணக்குக்கு."

கேபிள் மேலேயிருந்து நேராக மீட்டருக்குள் நுழைவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றினார், மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். கிளாண்டை இறுக்கினார். பேனாவால் எழுதி வெயிலில் வெளுத்துப்போன நம்பர்களைப் பார்த்து, அச்சடித்த ஃபெர்ரூல் வாங்கித் தரச் சொல்லி எத்தனை மாதம் என்று முணுமுணுத்தார்.

பூட்டு திறந்தது, புளோயர் உறுமியது. கண்ட்ரோல் ரூமிலிருந்து போனில், "அசையலீங்கண்ணா, நாலுலயே நிக்குது" என்றார்கள். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. நறுக்கிய செம்பு இழைகளைப் பையனின் உள்ளங்கையில் கொட்டி, ஒன்றாவது பேனலுக்குள் விழுந்திருக்குமோ என்று எண்ணிக்கொண்டிருந்தார்.