திங்கட்கிழமை மூச்சு

சியால்டாவில் நைஹாட்டி லோக்கலைப் பிடித்தால் டிட்டாகர், ஜகத்தல், காங்கினாரா என்று வரிசையாகச் சணல் ஆலை ஊர்கள். 1855-ல் ஹூக்ளியின் எதிர்க்கரையில், ரிஷ்ராவில் தொடங்கிய தொழில் இது. பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, ஆந்திராவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே வசிக்கிறார்கள்.

ஆலைக்குள் சணலை மென்மையாக்க எண்ணெயும் நீரும் கலந்து தெளிக்கிறார்கள். அப்படியும் பொதியைப் பிரிக்கும் இடத்திலும், சிக்கெடுக்கும் கார்டிங் எந்திரத்தருகிலும் தூசி பறக்கிறது. தலையில் படிந்ததை உதறிவிடலாம். நெஞ்சுக்குள் போனதை?

அதற்குப் பெயர் பைசினோசிஸ். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மறுநாள் தணியும். வருடங்கள் போகப் போக இறுக்கம் எல்லா நாளும் தங்கிவிடும். தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலகினால் தப்பலாம். முற்றினால் மீட்சியில்லை.

எக்ஸ்ரேயில் இந்நோய்க்கென்று தனி அடையாளம் கிடையாது. வேலைக்கு முன்னும் பின்னும் மூச்சை அளந்து பார்க்க வேண்டும். அளக்காவிட்டால் 'பீடி இருமல்' என்று முடிந்துவிடும்.

கொல்கத்தாவின் ஐ.சி.எம்.ஆர். தொழில் சுகாதார மைய ஆய்வாளர்கள் சணல் தொழிலாளிகளிடம் இந்நோயைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால், 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில், பைசினோசிஸுக்குக் காரணமாகப் பருத்தித் தூசிக்குப் பெயர் இருந்தது. சணல் தூசிக்கு இருக்கவில்லை.

மாலை ஷிப்ட் சங்கு ஊதுகிறது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அந்தத் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. தூசியை எந்திரத்தருகிலேயே உறிஞ்சி வெளியேற்றும் குழாய்தான் தடுக்கும். அதை வைக்க வேண்டியவர் தொழிலாளி அல்ல.