தொப்பிக்காரருக்கு விட்ட இடம்

பனியன் பிரிண்டிங்குக்குப் படம் போடுகிறவனுக்குப் படம் எவ்வளவு அழகு என்பது இரண்டாவது கேள்விதான். கழுத்துப் பட்டைக்கு எத்தனை இஞ்ச் கீழே அது உட்காருகிறது என்பதே முதல் கேள்வி. கணியூரில் இருந்துகொண்டு திருப்பூர் கம்பெனிகளுக்கு டிசைன் வரைகிற எனக்கு இந்தப் புத்தி ஊறிப்போய்விட்டது. அதனால்தான் கே. ராமானுஜத்தின் சுய உருவங்களைப் பார்க்கும்போது, தன்னை எப்படி வரைந்தார் என்பதைவிட எங்கே வைத்தார் என்று என் கண் தேடுகிறது.

ராமானுஜம் சென்னைக்காரர். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர். பணிக்கர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது ராமானுஜமும் அங்கே போனார். பேச்சு தடுமாறும், மனச்சிதைவும் இருந்தது. 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவரைப் பற்றி எழுதுகிற பலரும் இந்தக் கடைசி இரண்டு செய்திகளை முதலில் வைத்துவிடுகிறார்கள். படம் அப்புறம் நோய்க்குச் சாட்சி சொல்ல வந்ததுபோல ஆகிவிடுகிறது.

படத்தைப் பாருங்கள். பேனாவும் கறுப்பு மையும். மாளிகைக்கு மேல் மாளிகை, வளைவுகள், பாம்புகள், விசித்திர மிருகங்கள், பெண்கள். நடுவே எங்கோ தொப்பி போட்ட ஓர் ஆள். அவர்தான் ராமானுஜம். முகச் சாயல் பெரிதாக வேண்டியதில்லை, தொப்பி போதும். வான்கோ தன்னைக் கண்ணாடி பார்த்து வரைந்தார். 1888-இல் அறுத்துக்கொண்டது இடது காது, படத்தில் கட்டுப் போட்டிருப்பது வலப்பக்கம். கண்ணாடி அப்படித்தான் காட்டும். ராமானுஜத்தின் தொப்பிக்காரருக்குக் கண்ணாடியால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ‘நான் எப்படி இருக்கிறேன்’ என்று அவர் கேட்கவில்லை. இந்த ஊரில் எனக்கு இடம் உண்டு என்கிறார்.

அந்த இடத்தை எப்படிப் பிடித்தார் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். மை வேலையில் வெள்ளை நிறம் கிடையாது. வரையாமல் விட்ட காகிதம்தான் வெள்ளை. கோட்டுக்கு மேல் கோடாகப் பின்னி இருட்டைக் கட்டிக்கொண்டே போகும்போது, நடுவில் ஓர் ஆள் வெளிச்சமாக நிற்க வேண்டுமானால் அவருக்கான காகிதத்தை முன்னாலேயே விட்டுவைக்க வேண்டும். பின்னல் ஏறிய பிறகு நினைத்துப் பயனில்லை. ரப்பர் போட்டு அழிக்கவும் முடியாது. சோழமண்டலத்து ஓவியர்கள் பிழைப்புக்காகச் செய்த பத்திக் துணியிலும் இதே கதைதான். சாயம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு முதலிலேயே போயாக வேண்டும். எங்கள் பனியன் பிரிண்டிங் ஸ்கிரீனில் மட்டும் என்ன, மை இறங்கக்கூடாத வலைக் கண்களை முன்கூட்டியே அடைத்துவிடுகிறோம்.

ஆகவே, மாளிகையும் பாம்பும் வந்து பக்கத்தை நிறைக்கும் முன்பே, தொப்பிக்காரர் எங்கே நிற்பார் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கலங்கிய மனம் கிறுக்கித் தள்ளியது என்று பேசுகிறவர்கள் இப்படி ஒரே ஒரு பக்கத்தைக் கோட்டால் நிரப்பிப் பார்க்கட்டும். நான் பார்த்திருக்கிறேன். முழங்கை வலிக்கிற நேரத்தில் பொறுமை போய், விட்டுவைத்த வெள்ளைக்குள் பேனா தானாக நுழையும். ராமானுஜத்தின் பேனா நுழையவில்லை.

இன்னொன்று. தன் உடம்புக்கும் சுவருக்கும் பாம்புக்கும் அவர் ஒரே மாதிரிக் கோடுதான் கொடுக்கிறார். தனக்கென்று தடித்த கோடு இல்லை. அந்த உலகத்துக்குத் தான் வேற்றாள் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வெளியே பேச்சு தடுமாறிய மனிதருக்கு உள்ளே திக்கவே இல்லை.

இதையெல்லாம் மை ஓவியங்களை வைத்துத்தான் சொல்கிறேன். அவர் எண்ணெய் வண்ணத்திலும் வரைந்திருக்கிறார். அதில் கடைசி நாளில்கூட மேலே பூசி ஓர் ஆளை நிறுத்திவிடலாம் என்பதால் என் கணக்கு அங்கே செல்லாது.